ராக் பாடகி திலகாவின் இரண்டாவது குரல்

மலேசியாவில் கெர்லிங் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்த திலகா, இருபது வயதில் ராக் பாடகி. 'பாத்து ஈத்தாம்', அதாவது கருங்கல், என்ற குழுவில் அவள் ஒருத்திதான் பெண். ரவாங்கிலிருந்து தஞ்சோங் மாலிம் வரை மண்டபம் மண்டபமாக மலாய் ராக் பாட்டுகளைப் பாடினார்கள். உச்சத்தில் அவள் ஒரு கத்து கத்தினால் கடைசி வரிசையில் இருப்பவர்களும் எழுந்து நிற்பார்கள். டிரம்ஸ் அடித்த செல்வா, "இவளுக்கு எதுக்குலா மைக்?" என்பான்.

பிறகு குழு கலைந்தது. கல்யாணம், பிள்ளைகள், பத்தாங் காலியில் கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை என்று காலம் போனது. இருந்தும் கல்யாண விருந்துகளில் யாராவது அழைத்தால் உடனே மேடையேறிவிடுவாள். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு கழுத்தில் கட்டி வந்தது. தைராய்டு அறுவை சிகிச்சை. குரல் மாறக்கூடும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள், அப்படியே மாறியது. பேச்சு மெல்லத் தேறியது. ஆனால் பாடும்போது குரல் மேலே போனால் கிழிந்து, வெறும் காற்றுதான் வந்தது. காரில் ரேடியோ போடுவதைக்கூடத் திலகா நிறுத்திவிட்டாள்.

பல்வலி வந்த ஒரு நாள் பல் டாக்டர் நிருபாவின் கிளினிக்குக்குப் போனாள். நிருபா யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்துப் பெண். சின்ன வயதிலிருந்தே பியானோ கற்றவள். சனிக்கிழமை மாலைகளில் கோலா சிலாங்கூரில் ஆற்றோர மீன் உணவகம் ஒன்றில் வாசிப்பாள். கிளினிக்கில் மெல்லிய சத்தத்தில் பழைய அமெரிக்கப் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஜாஸ் காலத்துப் பாட்டு. வாயில் பஞ்சோடு காத்திருந்த திலகா, தன்னை அறியாமலே கீழ்ச்சுருதியில் கூடவே முனகினாள்.

"அக்கா, நீங்க பாடுவீங்களா?"

"பாடினேன் டாக்டர்."

நிருபா அதோடு விடவில்லை. ராக், பாப் என்று புகழ்பெற்ற பாடகர்கள் பலர் பிற்காலத்தில் இந்தப் பாட்டுகளுக்கு வந்திருக்கிறார்கள் என்று சொல்லி, அவர்களில் இருவரின் பதிவுகளைப் போனுக்கு அனுப்பினாள். திலகா தினமும் வேலைக்குப் போகும் வழியில் கேட்டாள். மறுவாரம் தன் தீர்ப்பைச் சொன்னாள். "முதல் ஆளு கோட்டு போட்டுக்கிட்டு நடிக்கிறாரு. ரெண்டாவது ஆளு பாடுறாரு. கரகரன்னு இருக்கு, ஆனா அவரோட சொந்தக் குரல்."

தீர்ப்பு சரியாகத்தான் இருந்தது. ஆனால் நிருபா வாசிக்கும் உணவகத்தில் ஏறிய முதல் மேடையில் அவளே அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டாள். ஒரு பாட்டை, அதன் பழைய பதிவில் இருந்த பாடகியைப் போலவே கொஞ்சிக் குழைந்து பாடினாள். விளக்கணைக்கும் முன் இன்னொருமுறை என்னோடு ஆடு என்று ஒரு பெண் காதலனிடம் சொல்லும் பாட்டு அது. மேசைகளில் நண்டு உடைக்கும் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. அவள் அழைத்ததற்காக வந்திருந்த செல்வா பாதியிலேயே எழுந்து போனான். கார் நிறுத்துமிடத்தில் அவனைப் பிடித்தாள்.

"வயசானா ராக்கருங்க எல்லாம் இதத்தானே செய்றாங்க? நீயுமா திலகா?"

"குரல் இல்லாதவ வேற என்னடா செய்யட்டும்?"

"குரல் இல்லாதத சொல்லல. பாட்டுக்குள்ள நீயே இல்ல."

அவள் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சில வாரங்கள் நிருபாவின் அழைப்புகளையும் எடுக்கவில்லை. கோபம் செல்வாமேல் என்றுதான் முதலில் நினைத்தாள். போகப்போக, அவன் சொன்னது சரி என்பதுதான் கோபத்துக்குக் காரணம் என்று புரிந்தது. தொழிற்சாலைக்குப் போகையில் அந்த வரிகளை இசையில்லாமல் வெறும் பேச்சாகச் சொல்லிப் பார்த்தாள். ஒருநாள் நேராக நிருபா வீட்டுக்கு வந்து நின்றாள்.

"டாக்டர், இந்தப் பாட்டுல வர்ற பொம்பள கெஞ்சல. அவன் ஆடமாட்டான்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கேக்குறா."

"ஆனா அக்கா, பாட்டு ஜாலியானது. ஸ்பீடே அப்படித்தான்."

"பாதியாக் குறைங்க. நான் மூச்சு விடுற இடத்துல வாசிக்காதீங்க, சும்மா இருங்க."

நிருபாவுக்கு அது எளிதாக வரவில்லை. காலியாக இருக்கும் இடத்தை நிரப்பித்தான் அவள் விரல்களுக்குப் பழக்கம். இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட நாட்களும் உண்டு. ஆனாலும் வாரம் தவறாமல் உட்கார்ந்தார்கள். செல்வாவையும் திலகாவே போனில் அழைத்தாள். குச்சிக்குப் பதிலாகக் கம்பி பிரஷ்ஷால் டிரம்மை மெதுவாகத் தேய்க்க வேண்டும் என்றதும் அவன் அலறினான். "நான் அடிக்கிறவன்லா, தடவுறவன் இல்ல!" ஆனாலும் வந்தான்.

பிறகு ஒரு சனிக்கிழமை மூவரும் அதே உணவகத்தில் மேடையேறினார்கள். முதல் வரியை அவள் கிட்டத்தட்டப் பேச்சாகவே சொன்னாள். மெட்டு மேலேறும் இடம் வந்தபோது, ஒத்திகையில் தாங்கிய குரல் அன்று கிழிந்தது. நிருபாவின் கை நின்றது. பிரஷ் சத்தமும் நின்றது. திலகா மைக்கை விட்டு விலகவில்லை. அதே வரியை இன்னும் கீழே இறக்கி, வந்த கரகரப்போடேயே பாடினாள். என்னோடு ஆடு. தட்டை ஏந்திய மலாய்ப் பணிப்பெண் நடுவழியில் நின்றுவிட்டாள். ஜன்னலோர மேசையில் ஒரு வயதானவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

பாட்டு முடிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அதற்காக அவள் பெரிய பாடகியாகிவிடவில்லை. வார நாட்களில் அதே தொழிற்சாலை, அதே சூப்பர்வைசர் வேலை. அங்கே வேலை செய்யும் பெண்கள் சிலர் சனிக்கிழமைகளில் வேன் பிடித்துக் கோலா சிலாங்கூருக்கு வருகிறார்கள். அவள் குரல் சில வாரம் ஒத்துழைக்கும், சில வாரம் காலை வாரிவிடும். ஒத்துழைக்காத வாரங்களில் பாட்டை இன்னும் மெதுவாக்கிக்கொள்கிறாள். போன மாதம் மூவரும் நிருபா வீட்டுக் கூடத்தில் நாலு பாட்டைப் பதிவு செய்தார்கள். போட்டுக் கேட்டபோது டிரம்ஸ் சத்தம் அவள் குரலையே விழுங்கியிருந்தது.

"செல்வா, தடவுறதுன்னா தடவணும்லா," என்று சொல்லி, முதல் பாட்டை மறுபடியும் ஆரம்பிக்கச் சொன்னாள்.