கேமரா விற்ற பத்திரம்

துப்பறியும் தொழிலைத் தலைமுழுகியபின், அதன் சாமான்களை விற்கப் பத்திரம் எழுதப் போனேன். துப்பறிதல் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். காஞ்சிபுரத்தில் பதினோரு வருஷம் நான் பார்த்தது கல்யாண விசாரணை. பையன் குடிக்கிறானா, பெண் யாரோடாவது பழகுகிறாளா, அவ்வளவுதான். அடுத்த வீட்டு ஜன்னலை எட்டிப் பார்க்கிற பிழைப்புக்கு விசிட்டிங் கார்டு வேறு.

வாங்க வந்த வேலூர்க்காரர் விவரமான ஆள். "இந்தக் கேமராவுல யாரை எடுத்து என்ன வம்பு பண்ணி வச்சிருக்கியோ, நாளைக்கு என் கதவைத் தட்டுவாங்க. எல்லாம் எழுத்துல இருக்கணும்பா" என்றார்.

பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு டைப்பிங் கடை. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் நிமிர்ந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் நான் நான்கு நாள் பின்தொடர்ந்த பெண். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தெரியாமல் பின்தொடர்வதில்தான் எனக்குப் பெரிய பெருமை, மண்ணாங்கட்டி!

அன்று விசாரிக்கச் சொன்னது சென்னையிலிருந்த மாப்பிள்ளை வீட்டார். சாயங்காலமானால் அவள் திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு தறிக்காரர் வீட்டுக்குப் போவாள். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறமாக நெய்கிற கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். நெய்கிறவரை ஒட்டி உட்கார்ந்து இன்னொருவர் கரைக்கு நூல் ஓட்டுகிற நாடாவைத் தள்ளித் தர வேண்டும். கூலி வேலை. எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் நான், தறி தெரியாதபடி வெட்டிய ஒரு படத்தோடு, 'தினமும் மாலை இரண்டு மணி நேரம் ஓர் ஆணுடன் தோளுரச அமர்ந்திருக்கிறார்' என்று எழுதி அனுப்பினேன். ஒன்றுமில்லை என்று எழுதினால், நாலு நாள் என்ன கிழித்தாய் என்று கேட்பார்களே என்கிற பயம். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் வேறு சொல்லிக்கொண்டேன். மறு வாரம் சம்பந்தம் நின்றுபோனது. முகூர்த்தப் புடவை வரை எடுத்திருந்தார்களாம்.

"பில் இருக்குதா சார்? சீரியல் நம்பர் சொல்லுங்க" என்றாள். கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எண்ணை இரண்டு தரம் சரிபார்த்துக்கொண்டாள். "மெமரி கார்டுல யாரோட படமும் இல்லன்னு எழுதணும். அழிச்சிட்டீங்களா?"

"அழிச்சிட்டேன்மா."

கடைசி ஷரத்தை உரக்கப் படித்துக் காட்டினாள். 'இன்றைய தேதி வரை மேற்படி சாமான்களைக் கொண்டு எவருக்கேனும் தீங்கு விளைந்திருந்தால் அதற்கு விற்பவரே பொறுப்பு.'

"அந்த வரி வேணுமாம்மா?" என்று கேட்டேன். கேட்ட என் வாயை என்ன சொல்ல!

"ஒரு வரி விட்டுட்டா விஷயமே வேற மாதிரி ஆயிடும் சார்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "பயப்படாதீங்க. இது சும்மா ஃபார்மாலிட்டி. உங்களப் பார்த்தா யாருக்கும் கெடுதல் பண்ற ஆளு மாதிரியா இருக்குது?" என்றாள்.

வேலூர்க்காரர் தன் பக்கத்துக்கு ஒரு சாட்சியைக் கூட்டி வந்திருந்தார். என் பக்கத்துக்கு ஆள் இல்லை. இதற்குப் போய் யாரைக் கூப்பிடுவது?

"பரவால்ல சார், நானே போடறேன்" என்றாள்.

நீ போடாதேம்மா என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு நின்றேன். இவ்வளவு கேவலமாக நான் எங்கேயும் நின்றதில்லை. விற்பவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை நீட்டினேன். அவள் சாட்சி என்ற இடத்தில் தன் பெயர், அப்பா பெயர், கதவு எண், தெரு என்று ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தாள்.

அவள் எழுதி முடிப்பதற்குள் அந்த விலாசம் முழுவதையும் நான் மனதுக்குள் சொல்லி முடித்திருந்தேன்.