ஜெசிந்தா டீச்சர் ஒண்டியாகக் கொண்டாடிய கிறிஸ்துமஸ்

திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு ஜெசிந்தா டீச்சருடையது. பெண்கள் பள்ளியில் விளையாட்டு சொல்லித்தரும் பி.டி. டீச்சர், வயது ஐம்பத்தாறு. அவர் வாசலில் நின்று பால்காரரைக் கூப்பிட்டால் தெருமுனையில் டவுன் பஸ் நின்றுவிடும். நடையும் குரலுக்கு ஏற்ற நடைதான். ஒருமுறை அவரோடு கடைத்தெருவுக்குப் போய்வந்த என் மனைவி சிவரஞ்சனி, அரைமணி நேரம் படுத்து எழுந்த பிறகுதான் பேசினாள்.

டீச்சரின் கணவர் சேவியர் இறந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. ஒரே மகன் எழிலரசன் ஷார்ஜாவில் இருக்கிறான். வருடம் முழுக்க சத்தமே இல்லாத அந்த வீடு கிறிஸ்துமஸுக்கு மட்டும் கல்யாண வீடாகிவிடும். சேவியரின் தம்பி மரியசெல்வம் திருச்சியிலிருந்து குடும்பத்தோடு வருவார். சேவியரின் தங்கைகள் இருவரும் ஆளுக்கொரு வண்டி நிறையப் பிள்ளைகளோடு வருவார்கள். மொத்தம் பதினேழு பேர். சமையல் டீச்சர் மட்டும்தான். "மதினி கைப்பக்குவம் வேற யாருக்கும் வராது" என்று மரியசெல்வம் வருடம் தவறாமல் சொல்வார். சொல்லிவிட்டு ஃபேனுக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

இதில் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. மதியம் ஒரு மணிக்கு மதில் சுவருக்கு மேலே ஒரு தூக்குவாளி வரும், நிறைய மட்டன் பிரியாணியோடு. மார்கழியில் எங்கள் வீட்டில் கவுச்சி சேர்ப்பதில்லை. ஆனால் டீச்சர் கொடுப்பது பண்டிகைப் பலகாரம், அது கவுச்சியில் வராது என்று நான் தீர்ப்புச் சொல்லியிருந்தேன். பத்திரம் எழுதிப் பிழைப்பவன் நான். இடம் பார்த்து ஒரு ஷரத்தை நுழைப்பது எனக்குப் பெரிய காரியமில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம் டிசம்பரில்தான் எல்லாம் மாறியது. மரியசெல்வத்தின் மகளுக்குப் பெங்களூரில் தலைப்பிரசவம், அவர்கள் அங்கே போனார்கள். தங்கைகள் இருவரும் வேளாங்கண்ணிக்கு வேண்டுதல் என்றார்கள். எழிலரசனுக்கு லீவு கிடைக்கவில்லை. மரியசெல்வம் போனில் இதைச் சொன்னபோது சிவரஞ்சனி பக்கத்தில் இருந்திருக்கிறாள்.

"பரவால்ல தம்பி. என்ன செய்யிறது? நான் எப்படியோ இருந்துக்கிறேன்" என்று டீச்சர் குரல் தழுதழுக்கச் சொன்னாராம். போனை வைத்துவிட்டு, அடுப்படிக்குள் போய் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே டீ போட்டாராம்.

"பாவங்க டீச்சர்," என்றாள் சிவரஞ்சனி என்னிடம். "துக்கம் தாங்காம பாட்டெல்லாம் பாடுறாங்க."

செய்தி தெருவெல்லாம் பரவியது. கிறிஸ்துமஸ் அன்று ஒரு மனுஷியைத் தனியாக விடுவதா? எதிர்வீட்டு நல்லதம்பி தன் காரில் சித்தன்னவாசலுக்கு அழைத்துப்போவதாகச் சொன்னார். மாதா கோயில் பாடகர் குழுவிலிருந்து ஒரு குடும்பம் கூப்பிட்டது. பள்ளித் தலைமையாசிரியை கூப்பிட்டார். சிவரஞ்சனியும் போய்க் கூப்பிட்டாள்.

"மார்கழில ஒங்க வீட்ல சாம்பாருல்ல சிவா?" என்றார் டீச்சர்.

"ஒங்களுக்காகப் பாயசம் வைக்கிறேன் டீச்சர். நீங்க ஒண்டியா ஒக்காந்திருந்தா எங்களுக்குச் சோறு எறங்காது."

"பாக்கலாம்மா, பாக்கலாம்."

ஐந்தாவதாக இன்னொரு அழைப்பும் வந்த அன்றுதான் டீச்சரின் முகத்தில் நான் முதன்முதலாகக் கவலையைப் பார்த்தேன். அந்த வருடம் அவர் வாசலில் நட்சத்திரம்கூடக் கட்டவில்லை. அதைப் பார்த்துத் தெரு இன்னும் உருகியது. தூக்குவாளி வராது என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டதால் நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே உருகினேன்.

இருபத்து நாலாம் தேதி சாயங்காலம் டீச்சர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் ஒரு தெர்மாகோல் பெட்டி.

"என்ன டீச்சர், பார்சலா?"

"மருந்துண்ணே. மணமேல்குடியில என் பழைய ஸ்டூடன்ட் இலக்கியா இருக்குல்ல, அது பஸ்ஸுல ஏத்திவிட்டுச்சு."

அவர் சொல்லி முடிப்பதற்குள் மருந்து பெட்டிக்குள் நகர்ந்தது. நான் கவனித்ததை அவரும் கவனித்தார். "குட் நைட்ணே" என்று ஆறு மணிக்கே சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலைப் பூசை முடிந்து புதுச்சேலையில் வந்தார். வீடு வீடாகக் கேக் கொடுத்தார். எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான்: "சாயங்காலம் வாரேன்." பதினோரு மணிக்குப் பார்த்தால் கேட்டில் பெரிய பூட்டு. வாசலில் நிற்கும் ஸ்கூட்டியையும் காணோம்.

பன்னிரண்டு மணிக்குப் பாயசத்தோடு போன சிவரஞ்சனி அப்படியே திரும்பிவந்தாள். நல்லதம்பி காலையிலிருந்து வாசலிலேயே கார் துடைத்துக்கொண்டிருந்தாராம், டீச்சர் வெளியே போனதைப் பார்க்கவே இல்லை என்று சத்தியம் செய்தார். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. தெருவில் ஆளுக்கொரு பயத்தைச் சொன்னார்கள். பன்னிரண்டரைக்கு எழிலரசன் ஷார்ஜாவிலிருந்து எனக்கே போன் பண்ணிவிட்டான்.

"மாமா, அம்மா போன் ஆஃப்ல இருக்கு. வீட்டுக்குள்ள போய்க் கொஞ்சம் பாருங்க மாமா."

அதற்கு மேல் யோசிக்கவில்லை. எங்கள் கொல்லையில் ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் அரிசி டிரம்மின் மூடியை வைத்து, ஐம்பத்தொன்பது வயது முழங்காலைச் சமாதானப்படுத்தி, மதில் சுவருக்கு மேல் தலையை நீட்டினேன்.

டீச்சர் கொல்லையில் சீத்தா மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நைட்டி, தோளில் துண்டு. வாசலில் தொங்க வேண்டிய நட்சத்திரம் சீத்தாக் கிளையில் தொங்கியது, வாசலில் நிற்கும் ஸ்கூட்டி மரத்துக்குப் பின்னால் நின்றது. கால் இரண்டும் வெந்நீர் வாளிக்குள். எதிரே இன்னொரு நாற்காலியில் வாழை இலை, அதில் சோறு. பக்கத்தில் மண்சட்டி நிறைய நண்டுக் குழம்பு. அம்மிக் குழவியால் ஒரு நண்டுக் காலை நச்சென்று உடைத்து, கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினார். அந்த உறிஞ்சலுக்கு முடிவே இல்லை. ஒரு மனிதர் இவ்வளவு நிம்மதியாக இருப்பதைப் பார்த்ததும் எனக்குக் கூச்சமாகிவிட்டது. சத்தமில்லாமல் இறங்கப் பார்த்தேன். டிரம் மூடி சத்தம் போட்டது.

"யார்றா அது சொவத்துல? எறங்கு கீழ!"

நான் இறங்கிவிட்டேன். பிறகுதான் நான் அவருடைய மாணவி இல்லை என்பது நினைவு வந்து, மறுபடியும் ஏறினேன்.

"டீச்சர், நாந்தான்."

"அண்ணே! சொவரேறுற வயசா இது?"

"பூட்டப் பாத்துப் பயந்துட்டோம் டீச்சர். எழிலு போன் பண்ணி அழுகாத கொறை."

அவர் முகம் ஒரு நொடி மாறியது. "அவனுக்குச் சாயங்காலம் கூப்புடுறேன்னுதான இருந்தேன். பூட்டா? உள்ளேருந்தே கம்பிக்குள்ள கைய விட்டுப் பூட்டுனேன். வேற என்னண்ணே செய்யிறது? அஞ்சு வீட்ல கூப்புட்டா அஞ்சு வீட்லயும் சிரிக்கணும்."

"இருந்தாலும் நல்ல நாளும் அதுவுமா ஒண்டியா..."

"ஒண்டியாத்தாண்ணே திங்கணும் நண்ட. பதினேழு பேருக்கு நடுவுல இப்படி உறிஞ்ச முடியுமா?" இன்னொரு காலை எடுத்து உடைத்தார். "இருவத்தெட்டு வருசம்ணே. எல்லாருக்கும் போட்டு முடிச்சு, அடுப்படில நின்னுக்கிட்டே ஆறிப்போன பிரியாணியத் தின்பேன். எனக்கு மட்டனே பிடிக்காது."

"பிடிக்காதா?"

"வாடையே ஆகாது."

இருபத்தெட்டு வருடம் கழித்து, பதிவான பத்திரத்தில் எல்லையே தப்பு என்று சொன்னால் எப்படி இருக்கும்? எனக்கு அப்படி இருந்தது. அந்தத் தூக்குவாளிகள் எல்லாம் வரிசையாகக் கண்முன்னால் வந்து நின்றன.

டீச்சர் கையைத் துண்டில் துடைத்தார். "எழிலு அப்பா போனது நவம்பர்ல. அடுத்த மாசமே எல்லாரும் வந்துட்டாங்க, என்னையத் தனியா விடக்கூடாதுன்னு. நல்ல மனசுதான். ஆனா பதினேழு பேருக்கு ஆக்கிப் போட்டதுல அழுகக்கூட நேரம் கெடைக்கல."

"இன்னைக்கு..." என்று இழுத்தேன்.

"காலைல கோயில்ல அழுதேன். யாரும் முதுகத் தடவல, யாரும் தண்ணி கொண்டாரல. நல்லா அழுதேன். அப்புறம் பசிச்சுது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கிழித்த இலைத் துண்டில் ஒரு பெரிய நண்டுக் காலை வைத்துச் சுவருக்கு மேல் நீட்டினார். "தெருவுக்குள்ள சொல்லிறாதீங்க. இது மார்கழில ஆகுமாண்ணே?"

"பண்டிகைப் பலகாரந்தான டீச்சர்," என்றேன்.

கீழே இறங்கி எழிலரசனைக் கூப்பிட்டேன்.

"அம்மா நல்லாருக்காங்க தம்பி. கொல்லையில ஒக்காந்து நண்டு சாப்புடுறாங்க."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"அழுகுறாங்களா மாமா?"

"கண்ணுல தண்ணி இருந்துச்சு. காரம்னு நெனைக்கிறேன்." பிறகு மனசு பொறுக்காமல் கேட்டேன், "ஏந்தம்பி, அம்மாவுக்கு மட்டன் பிடிக்காதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது மாமா," என்றான்.

தெருவில் கூடியிருந்தவர்களிடம், டீச்சர் அறந்தாங்கியில் ஒரு தோழி வீட்டுக்குப் போயிருக்கிறார், போனில் சார்ஜ் இல்லை என்று ஒரு கதையை வாசித்தேன். எல்லாரும் நம்பிக் கலைந்தார்கள், சிவரஞ்சனியைத் தவிர. அவள் என் வலது கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு பாயசச் சட்டியைத் தூக்கி மேல் அலமாரியில் வைத்துவிட்டாள். எனக்கு மட்டும் அன்று ரசம்.

ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு டீச்சரே வந்தார். தலைக்குக் குளித்து, முகம் மலர்ந்து, பத்து வயது குறைந்தவர் போல. இரண்டு டம்ளர் பாயசம் குடித்தார். சிவரஞ்சனியிடம் நடந்ததையெல்லாம் அவரே சொன்னார், நான் சுவரேறிய காட்சியை நடித்தும் காட்டினார். சிவரஞ்சனி சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "நானும் நம்ம வீட்ல நின்னுக்கிட்டேதான் திங்கிறேன் டீச்சர்," என்றாள். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

பொங்கலுக்கு மரியசெல்வம் வந்தபோது டீச்சர் நேராகவே சொன்னாராம்: இனிமேல் டிசம்பர் இருபத்தைந்து எனக்கு, இருபத்தாறு உங்களுக்கு.

"நாங்க என்ன தப்பு பண்ணுனோம் மதினி?"

"ஒரு தப்பும் இல்ல தம்பி. ஒங்க எல்லாரையும் எனக்குப் பிடிக்கும். மறுநா வாங்க, வரும்போது பிரியாணிய நீங்களே ஆக்கிக் கொண்டாங்க."

மூன்று வாரம் மரியசெல்வம் பேசவில்லை. நாலாவது வாரம் அவர் மனைவி சத்யபிரியா டீச்சருக்கு ரகசியமாகப் போன் பண்ணி, "அக்கா, இதை நீங்க பத்து வருசத்துக்கு முன்னாடியே சொல்லிருக்கக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறார்.

போன டிசம்பர் இருபத்தாறாம் தேதி மரியசெல்வம் குடும்பம் ஒரு அண்டாவோடு வந்து இறங்கியது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் கிண்டிய பிரியாணி. அடியில் நன்றாகவே பிடித்திருந்தது. வேர்க்க விறுவிறுக்க அவரே எல்லாருக்கும் பரிமாறினார், எங்களுக்கும் ஒரு தட்டு வந்தது. முதல் பந்தியில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்த சத்யபிரியா கருகலை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "நல்லாத்தாங்க இருக்கு, இன்னுங் கொஞ்சம் வைங்க," என்றார்.