கழற்றினால்தான் பாடம் முடியும்

நான் அஞ்சாவது வரைதான் படித்தேன். இவனெல்லாம் பிள்ளைகளுக்கு என்ன சொல்லித் தருவான் என்று கேட்பவர்கள், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு வந்து என் ஷெட்டைப் பார்க்கட்டும். சனிக்கிழமைதோறும் அங்கே ரோபோ வகுப்பு. சூட்டிப்பான பிள்ளைகளைப் பள்ளிகளே பொறுக்கி அனுப்புகின்றன. கம்ப்யூட்டருக்கு ஒரு இன்ஜினியர் பெண்ணை வைத்திருக்கிறேன். சட்டம் என்னுடையது.

செய்து முடித்த ரோபோவைக் கடைசி ஸ்க்ரூ வரை கழற்ற வேண்டும். வேறொரு பிள்ளை அதை மாட்ட வேண்டும். அவ்வளவுதான் சட்டம். சூட்டிப்பான பிள்ளைக்கு எதுவும் முதல் தடவையே வந்துவிடும். அதனாலேயே இரண்டாம் தடவை என்றால் நடுங்கும். அந்த நடுக்கத்தை எந்தப் புத்தகம் போக்கியது?

மணவாள நகரிலிருந்து வரும் சிறுமி ஒருத்தி, நட்டுகளை அளவு பார்த்துப் பொறுக்கிப் போடும் ரோபோ கை செய்தாள். என் ஷெட்டில் அதைவிட நல்ல வேலை நடந்ததில்லை, நான் செய்ததைத் தவிர. கழற்று என்றேன். மாட்டேன் என்றாள். அவள் அம்மா சண்டைக்கு வந்தார்.

"இன்னா சார் அநியாயம்? கொழந்த கண்ணு முழிச்சிக்கினு செஞ்சது. ஷோகேஸ்ல வெக்கப் போறோம். கழட்டித்தான் ஆவணும்னா இன்னியோட நிறுத்திக்கிறோம்."

"நிறுத்திக்கோம்மா. சட்டம் மாறாது."

சிறுமி வாசலைக் கைகாட்டினாள். அங்கே மாலையும் குங்குமமுமாக நிற்பது, பழைய இரும்பில் நான் செய்த முதல் டிரில்லிங் மெஷின். யாரையும் தொட விட்டதில்லை.

"அத்த மட்டும் ஏன் தாத்தா கழட்டல? பயமா?"

பயமாம், எனக்கு! மாலையைப் பிடுங்கி எறிந்தேன். என் ஷெட் ஃபிட்டர் ஓடிவந்தார். "அண்ணே, வேணாம். ராசியான மெஷினு."

"ராசி என் கையில இருக்குது. ஸ்பேனர குடு."

போல்டுகள் துருவேறிக் கிடந்தன. மண்ணெண்ணெய் விட்டுத் திருகினேன். முதல் போல்ட் கழன்றதும், சிறுமி தன் ரோபோவைத் தூக்கிவந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"என்னுத யாரு மாட்டுவாங்க?"

"உனக்கு ஆவாத பிள்ளையாப் பாத்துக் குடுப்பேன்."

"அப்ப உங்களுத நான்தான் மாட்டுவேன்."

சட்டம் போட்டவன் பின்வாங்குவானா? "மாட்டு" என்றேன். அவள் ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள்.

அம்மா நின்றபடியே கேட்டார். "எவ்ளோ நேரம்டி ஆவும்?"

"கழட்டவா, மாட்டவா?" என்றாள் மகள், தலை நிமிராமல்.