உரிமையாளர் கட்டத்தில் எழுதிய சொல்

பூட்டுக்காரருக்குக் கையெழுத்து என்றாலே பயம். இளமையில் கூட்டாளி நீட்டிய தாளைப் படிக்காமல் கையெழுத்திட்டதில் முதல் கடையே கைமாறிப் போயிற்று. சூடு கண்ட பூனையான அவர், அன்றுமுதல் சட்டப் புத்தகங்களைத் தாமே படித்தார். பேருந்துச் சீட்டைக்கூடத் தேதிவாரியாகக் கோத்து வைத்தார். "அண்ணன் தும்மினாலும் ரெண்டு நகல் எடுத்து வச்சுப்பாரு" என்பாள் தங்கை.

அப்பாவின் உயில் அவரை மறுபடியும் ஒரு தாளின் முன் நிறுத்தியது. பன்னிரண்டு ஆண்டுகள் படுத்த படுக்கையாய்க் கிடந்தவரை உடனிருந்து பார்த்தவள் தங்கை. வீடோ மகனான பூட்டுக்காரருக்கு எழுதப்பட்டிருந்தது. அவர் அதை விற்கவோ கொடுக்கவோ கூடாது. அவருக்குப் பின் சித்தப்பா மகனுக்குப் போகவேண்டும். வழி ஒன்றுதான்: அப்பா இறந்த ஆறு மாதத்துக்குள் அவர் வேண்டாமென்று எழுதிக்கொடுத்தால் வீடு தங்கைக்கு. ஆனால், அதற்குள் ஒருமுறையேனும் அவர் உரிமையாளராக நடந்திருந்தால் அந்த வழியும் அடைபடும்.

தங்கைக்கு வேறு கூரை கிடையாது.

கெடுவின் கடைசி நாள் காலையில் தாள்களை அடுக்கும்போதுதான், தம் வேலைப் பதிவேட்டில் அந்த வரி கண்ணில் பட்டது. அப்பா இறந்த மறுவாரம் தங்கை கூப்பிட்டு, வாசற்கதவுக்குப் புதுப்பூட்டு போட்டிருந்தார். கூப்பிட்டவர் யாராயினும், ஆவணப்படி சொத்து யாருடையதோ அவர் பெயரையே 'உரிமையாளர்' கட்டத்தில் எழுதுவது அவர் வகுத்த விதி. அதற்கு முந்தின நாள்தான் உயிலைப் படித்திருந்தார். ஆகவே, அடித்தல் திருத்தல் இல்லாமல் 'நான்' என்று எழுதியிருந்தார்.

"கிழிச்சுப் போடுங்கண்ணா. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே. பக்கத்துக்கெல்லாம் எண் போட்டிருக்கேன்."

"எண் போட்ட கைக்குத் தங்க வளையல்தான் போடணும்!"

பதிவு அலுவலகத்தில் பதிவாளர் அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "வீட்டை உங்க சொத்தா நினைச்சு ஏதாவது செஞ்சீங்களா?"

இல்லையென்று சொல்லி, நாளை சித்தப்பா மகன் அதைப் பொய்யென்று காட்டினால் தங்கை தெருவில் நிற்பாள். உண்மையைச் சொன்னால் இன்றே நிற்பாள். பதிவேட்டைத் திறந்து வைத்தார்.

அம்மாள் விரல் வைத்துப் படித்தார். "மத்த வரியிலெல்லாம் 'அவசரத்துக்குக் கடையில் ஒரு சாவி'ன்னு இருக்கு. இதுல ரெண்டு சாவியும் கொடுத்தாச்சுன்னு இருக்கே. கையெழுத்து யாரோடது?"

"தங்கச்சியோடதுங்க."

"உங்களுக்கு ஒண்ணு வச்சுக்கலையா?"

"குடியிருக்கிறது அவ. எனக்கு எதுக்குங்க?"

"அவங்க கூப்பிட்டாங்க, பூட்டைப் போட்டீங்க, சாவியைக் கொடுத்துட்டீங்க. இதுல சொந்தக்காரர் எங்கய்யா வந்தாரு? கையெழுத்தைப் போடுங்க."

மூன்று முறை படித்தார். நழுவாமல் இருக்கத் தங்கை தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கையெழுத்திட்டதும் கேட்டார்: "நகல் கிடைக்குங்களா?"

வீட்டு வாசலில் பூட்டு இறுகிக்கொண்டது. "நீங்களே திறந்து விடுங்கண்ணா" என்று தங்கை சாவியை நீட்டினாள்.

அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "நான் தொடமாட்டேன்."

"பூட்டுக்காரரே பூட்டைக் கண்டு பயந்தா எப்படி?"

"பயந்துட்டுப் போறேன். லேசாத் தூக்கி, இடப்பக்கம் திருப்பு."

கதவு திறந்தது. அவள் உள்ளே போய் "வாங்கண்ணா" என்று அழைக்கும்வரை அவர் படியேறவில்லை.