உயிரோடு இருப்பவனுக்கு எள்ளும் தண்ணீரும்

முதல் நாள், காலை 11.10. முந்தைய நாள் காலை ஏழு மணிக்குச் சென்னையில் ரயில் ஏறியவள், ஆயிரத்து அறுநூற்றைம்பது கிலோமீட்டர் சொச்சத்தை உட்கார்ந்தும் படுத்தும் தீர்த்துவிட்டு ஷாலிமார் நிலையத்தில் இறங்கினேன். இடுப்பு என்னுடையதாகவே இல்லை. தபால் ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியபோதுகூட இப்படி வலித்ததில்லை.

கல்கத்தா போனேன், டிராம் பார்த்தேன், ரசகுல்லா சாப்பிட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். போன காரியம் வேறு. என் அக்கா காந்திமதியும் அத்தான் சங்கரலிங்கமும் நாற்பது வருஷ வாசத்தை முடித்துக்கொண்டு திருநெல்வேலிக்கே திரும்புகிறார்கள். மூட்டை கட்ட உதவிக்கு வா என்று கூப்பிட்டார்கள். எனக்கு அது ஒரு சாக்கு. அவர்களுடைய ஒரே மகன் குமார் அதே ஊரில், வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி, கிடர்பூரில் இருக்கிறான். ஏழு வருஷத்துக்கு முன் ஞானஸ்நானம் எடுத்துக் கிறிஸ்தவனானவனை அத்தான் தலைமுழுகிவிட்டார். அவர்கள் ஊரைக் காலி செய்வதற்குள் பெற்றவளையும் பிள்ளையையும் ஒரு தடவை நேருக்கு நேர் நிறுத்திவிட வேண்டும். அதற்காகத்தான் இந்த வயதில் இத்தனை தூரம்.

மஞ்சள் டாக்சிக்காரர் நானூற்றைம்பது கேட்டார், முந்நூற்றெண்பதுக்கு இறங்கினார். இரண்டாம் ஹூக்ளிப் பாலத்தில் ஏறியதும் வலது கைப்பக்கம் கிடர்பூரின் கிரேன்கள் புகைமூட்டத்தில் தெரிந்தன. அதற்கப்பால் கார்டன் ரீச். அங்கேதான் அத்தான் ரயில்வே ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார்.

"மஹாலயாவுக்கு வந்தீங்களா, தீதி?" என்று இந்தியில் கேட்டார் டிரைவர். பீகாரில் சாப்ராக்காரர்.

"ஏன்?"

"நாளன்னைக்குக் காலையில டாக்சி கிடைக்காது. செத்தவங்க எல்லாரும் தண்ணி குடிக்க இறங்கி வர்ற நாள். உயிரோட இருக்கிறவங்க எல்லாரும் படித்துறைக்குப் போயிருவாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு என்னவோ சிரிப்பு வரவில்லை.

பகல் 12.30. லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால், இரண்டாம் மாடி. காப்பிப் பொடி, அப்பளம், வாழையிலை என்று தெருவே தமிழ் மணக்கிறது. வீட்டுக்குள் பாதிச் சாமான் அட்டைப்பெட்டியில் ஏறியிருந்தது. சுவரில் இன்னும் கழற்றாமல் இருந்தது ஒரே ஒரு படம்தான். குமாரின் படம். நெற்றியில் குங்குமம், சுற்றிலும் புது மல்லிகைச் சரம், முன்னால் விளக்கு.

மாதம் ஒருமுறை அவனோடு போனில் பேசுகிறவள் நான். நான்கு நாள் முன்னால்கூடப் பேசினேன். அக்காவிடம் அவன் பேச்சை எடுத்தால் மட்டும் அத்தான் போனை வாங்கி வைத்துவிடுவார்.

"அத்தான், இது என்ன அக்கிரமம்? குத்துக்கல்லாட்டம் இருக்கவனுக்கு மாலையா?"

அத்தான் கயிறு முடிச்சிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "செத்தவனப் பத்தி இந்த வீட்ல பேசக்கூடாது, கோமு. மொகம் கழுவிட்டு வா, சாப்பிடலாம்."

சரி, வீம்பு பிடித்த மனுஷன், கோபத்தை இப்படித் தீர்த்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். அது அவ்வளவு எளிதான விஷயமில்லை என்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது.

மாலை 4 மணி. பால் வாங்கப் படியிறங்கியபோது எல்லாரும் மாஷிமா என்று கூப்பிடும் கீழ்வீட்டுக்காரி கையைப் பிடித்து நிறுத்தினாள். எழுபது வயது வங்காளி அம்மாள். இந்தி கலந்து மெதுவாகப் பேசினாள்.

"நீ தங்கச்சியா? நல்லவேளை, இவங்களைக் கூட்டிட்டுப் போற. அந்தப் பையன் இங்கேதான் சுத்துறான். வருஷா வருஷம் மஹாலயாவுக்கு முந்தின நாள், விளக்கு வைக்கிற நேரம், இதோ இந்தப் படித் திருப்பத்துல நிப்பான். மேல பார்த்துக்கிட்டே உதட்டை அசைப்பான். நான் கதவைச் சாத்திருவேன்." கொஞ்சம் நிறுத்தி, என் காதுக்குப் பக்கத்தில் வந்து கேட்டாள்: "செத்துப்போகும்போது தாடி இல்லை. இப்ப தாடி இருக்கு. பேய்க்கு வயசாகுமா, சொல்லு?"

அவள் காட்டிய இடத்தில் இருட்டும் ஒரு பழைய சைக்கிளும்தான் இருந்தன. குமார்தான் வந்து நிற்கிறான் என்று எனக்கு உடனே புரிந்தது. புரிந்தும் அந்தத் திருப்பத்தைத் தாண்டும்போது சுவரோரமாக ஒதுங்கித்தான் போனேன்.

மாலை 6.45. அக்கா விளக்கேற்றினாள். படத்தைப் பார்த்தபடியே சொன்னாள்: "மழை நாளு, கோமு. கப்பல்ல சரக்கு எண்ணப் போனவன் பலகை வழுக்கி விழுந்துட்டான். மூணு நாள் கழிச்சுத்தான் கெடைச்சுது. கட்டம்போட்ட சட்டை. அந்தச் சட்டைய வச்சுத்தான் அடையாளம் சொன்னாரு அத்தான்."

கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நடிப்பில்லை. கூடப்பிறந்தவளுக்குத் தெரியாதா? பொய்க்கு யாரும் சட்டையில் கட்டம் போட மாட்டார்கள். வெளியே தள்ளிக் கதவடைத்த மகனை அக்கா நிஜமாகவே சாகவிட்டிருந்தாள்.

இரண்டாம் நாள், காலை 10 மணி. மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிடர்பூர் பஸ் ஏறினேன். டிக்கெட் பன்னிரண்டு ரூபாய், முக்கால் மணி நேரம். பூஜைப் பந்தலுக்கு மூங்கில் நட்டு ரோட்டைப் பாதியாகக் குறுக்கி வைத்திருக்கிறார்கள். கைவண்டியும் லாரியும் மனிதரும் மீதிப் பாதிக்குள். லாரி உதிரிபாகக் கடைக்கு மேலே இரண்டு அறை குமாரின் வீடு. துறைமுகத்தில் கஸ்டம்ஸ் ஏஜெண்ட் ஒருவரிடம் வேலை.

"வாங்க சித்தி" என்று கையைப் பிடித்தான். சூடான, வியர்த்த, உயிருள்ள கை. அதை விடவே மனசில்லை எனக்கு.

அவன் மனைவி ஸ்டெல்லா நாகர்கோவில்காரி. காப்பி கொண்டுவந்து வைத்தாள். நான் மாஷிமா சொன்னதைச் சொன்னேன்.

"ஆமா, நான்தான். மேல வர மாட்டேன்னு அப்பாவுக்கு வாக்கு குடுத்திருக்கேன். எனக்குத் திதி குடுக்கறதுக்கு முந்தின நாள் உபவாசம் இருந்து, படிக்கட்டுல நின்னு அவங்களுக்காக ஜெபம் பண்ணுவேன். அவங்க என்னைச் செத்தவன்னு நெனைக்கிறாங்க. ஆனா கர்த்தரை அறியாம அவங்கதான் சித்தி அழிஞ்சு போயிட்டிருக்காங்க. அந்த பயத்துல எனக்குத் தூக்கமே வர்றதில்ல."

வந்ததே கோபம். "நல்லா இருக்குடா! அவரு ஒனக்குக் கருமாதி பண்ணுதாரு, நீ அவங்களுக்கு முன்கூட்டியே பண்ணுத. அறுபத்தஞ்சு வருஷம் ஒரு எறும்புக்குத் தீங்கு நெனைக்காதவ ஒங்கம்மா. அவ நரகத்துக்குப் போவாளா? சொல்லு, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

கண் கலங்கிவிட்டான். "நல்லவங்களா இருந்தா மட்டும் போதும்னா நான் ஏன் சித்தி இவ்ளோ இழக்கணும்?" என்றான் மெல்ல.

ஸ்டெல்லாதான் பேசினாள். "எங்க வீட்ல மூணு தலைமுறையா கிறிஸ்தவங்க, சித்தி. பக்கத்து அம்மன் கோயில் கொடைக்கு எங்கப்பா பந்தக்கால் பிடிச்சுக் குடுப்பாங்க. யாரு ரட்சிக்கப்படுவா, யாரு மாட்டான்னு ஆண்டவர் எங்ககிட்ட லிஸ்ட் கேக்கல. இவங்களுக்கு எல்லாம் புதுசு. புதுச் செருப்பு மாதிரி கடிக்குது. தீபாவளிப் பலகாரம் சாமிக்குப் படைச்சதுன்னு வேண்டாம்னாங்களாம், அதுலதான் மாமா தட்டைத் தூக்கி எறிஞ்சாங்க. நான் அப்பவே இருந்திருந்தா, வாயை மூடிட்டுத் தின்னுங்கன்னு சொல்லியிருப்பேன்."

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்குப் பாபுகாட் படித்துறை" என்றேன் குமாரிடம். "ஒங்கப்பா தர்ப்பணம் குடுக்க வாராரு, அம்மாவும் வாரா. இன்னைக்குப் படிக்கட்டுக்கு வராத, அங்க வந்து நில்லு. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்." தலையாட்டினான். பெரிய கெட்டிக்காரத்தனம் பண்ணிவிட்டதாக நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மூன்றாம் நாள், அதிகாலை 4 மணி. தெருவில் எல்லா வீட்டு ரேடியோவிலும் ஒரே சமயத்தில் சண்டி பாராயணம் ஆரம்பித்தது. நாலா பக்கத்து இருட்டிலிருந்தும் ஒரே குரல். உள்ளங்கால் வரை கூசியது. டாக்சி கிடைக்கவில்லை, சாப்ராக்காரர் வாக்கு பலித்தது. ஒரு ஆட்டோக்காரர் நானூறு வாங்கிக்கொண்டு கொண்டுபோய் விட்டார்.

காலை 6.05. லேசான தூறல். இடுப்பளவுத் தண்ணீரில் ஆயிரக்கணக்கான ஆண்கள், ஈர வேட்டியும் கையில் தர்ப்பையுமாக, ஆளாளுக்குத் தங்கள் வீட்டுச் செத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தனை பெயர்களும் ஒன்றோடொன்று கலந்து ஆற்றின் மேல் ஒரு முணுமுணுப்பாக நின்றன. அத்தான் ஒரு வங்காளிப் புரோகிதரோடு இறங்கினார். தகப்பனார், பாட்டனார், பூட்டனார். பிறகு புரோகிதர் "அடுத்து?" என்று கேட்டதும் அத்தான் சொன்னது எங்களுக்கே கேட்டது.

"முத்துக்குமார். மகன்."

அப்போது நான் திரும்பிப் பார்த்தேன். எங்களுக்கு நான்கு படி மேலே குமார் நின்றுகொண்டிருந்தான். தொப்பலாக நனைந்திருந்தான். தன் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அக்கா! அங்க பாரு, யாரு வந்திருக்கான்னு!"

அக்கா பார்த்தாள். அதிர்ச்சியடையவில்லை. "வந்துட்டான்" என்றாள், எட்டு மணி பஸ் வந்துவிட்டது என்பது போல. "சத்தம் போடாத. வருஷா வருஷம் வருதான். மாடிப்படிக்குக் கீழ நிப்பான், நான் எட்டிப் பாப்பேன். இன்னைக்குத்தான் தண்ணிக்கே வந்திருக்கான்."

"ஏ அக்கா, அவன் சாகலக்கா! உசுரோட இருக்கான். தொட்டுப் பாரு!"

குமார் இறங்கி வந்து அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான். "அம்மா. நான்தாம்மா."

அக்கா என்னைப் பார்த்து, ரகசியம்போலச் சொன்னாள்: "கை சில்லுன்னு இருக்கு, பாத்தியா?"

என் வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை. பகல் வெளிச்சத்தில், ஆயிரம் பேர் நடுவில்.

பிறகு அவன் பக்கம் திரும்பி, ஈரத் தலையைத் தடவினாள். "அப்பா ஊத்துதாரு பாரு ராசா. வயிறாரக் குடிச்சிட்டுப் போயிரு. இனிமே அந்தப் படிக்கட்டுக்கு வராத, நாங்க அங்க இருக்க மாட்டோம். தேடாத."

கீழே அத்தான் திரும்பிவிட்டிருந்தார். குவித்த கையில் எள்ளும் தண்ணீரும். மகனையே பார்த்தார். புரோகிதர் இரண்டு தரம் மந்திரம் எடுத்துக் கொடுத்தார். கடைசியில், கண்ணை எடுக்காமலே, விரலிடுக்கு வழியாகத் தண்ணீரை ஆற்றில் விட்டார்.

குமார் அழுதுகொண்டே படியேறினான். மேலே எட்டிப் பிடித்தேன். "ஏழு வருஷமா அம்மாவுக்கு ரட்சிப்பு கேட்டு ஜெபம் பண்ணேன், சித்தி" என்றான். "இன்னைக்கு எனக்கு அதெல்லாம் வேண்டாம். அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிஞ்சாப் போதும்." கூட்டம் அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

பகல் 3 மணி. அக்கா அசந்து தூங்கினாள், வெகு நாளைக்கப்புறமாம். அத்தான் படத்தைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"தாடில நரை விழுந்துருச்சு அவனுக்கு" என்றார்.

நான் வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டினேன். பெத்த தகப்பனா நீங்க என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே துணியில் முடிச்சுப் போட்டார்.

"கோவத்துல செத்துட்டான்னு சொன்னவன் நான்தான். அக்கம்பக்கம் கேட்டுச்சு, தண்ணில விழுந்தான்னேன். அவ நம்புவான்னு நெனைக்கல; கட்டம்போட்ட சட்டையெல்லாம் அவளாச் சேத்துக்கிட்டது. ரெண்டு வருஷம் முன்ன மனசு கேக்காம, 'அவன் உசுரோடதான் இருக்கான் காந்தி'ன்னு சொல்லிட்டேன். 'அப்போ ஏன் என்னைப் பாக்க வரல?'ன்னு கேட்டா. என்னத்தச் சொல்லுவேன்? மூணு நாள் பச்சத்தண்ணி பல்லுல படல. செத்தவன்னா வராததுக்கு ஒரு காரணம் இருக்கு, கோமு. மறுபடி செத்துட்டான்னு சொன்ன பொறவுதான் சாப்பிட்டா."

சணலை எடுத்து அடுத்த பெட்டியைக் கட்டினேன்.

நான்காம் நாள், மாலை 5.30. வண்டி ஷாலிமாரை விட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. எதிர் இருக்கையில் விஜயவாடா போகும் ஒரு அம்மாள், தமிழ் நன்றாகப் பேசினாள். முறுக்கு கொடுத்தாள். எங்கள் ஊரில் கேட்பது போலவே எடுத்த எடுப்பில் கேட்டாள்: "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்திருந்தாள். அத்தான் என்னைப் பார்த்தார். ஒரே பையன், கிடர்பூரில் வேலை, மருமகள் தங்கமானவள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அக்கா மெல்லத் திரும்பி, நான் சொல்லப்போவதற்குக் காத்திருந்தாள்.

"ஒரே பையன். தவறிட்டான்" என்றேன். "மழை நாளு. துறைமுகத்துல பலகை வழுக்கி விழுந்துட்டான்."

அக்கா ஆமாம் என்று தலையாட்டினாள். அந்த அம்மாள் உச்சுக்கொட்டிக்கொண்டு அவள் கையைப் பிடித்தாள். "நல்ல பையன்" என்று மேலும் சொன்னேன். "நல்லா நீச்சல் தெரியும், என்ன பிரயோஜனம்?" நீச்சலை நானாகச் சேர்த்தேன். எனக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது.

அப்போது மடியில் இருந்த என் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். குமார் பெயர். பத்திரமா ஏறிட்டீங்களா சித்தி, அம்மா சாப்பிட்டாங்களா என்று கேட்டிருந்தான்.

செத்தவன் எப்படி மெசேஜ் அனுப்புவான் என்று ஒரு நொடி என் உடம்பெல்லாம் சில்லிட்டுப் போயிற்று.