பதினோராம் கூண்டு

கம்பெனியில் காண்ட்ராக்ட் முடிந்து அப்பா வீட்டோடு இருந்த வருடத்தில்தான் எங்கள் வீட்டுக்குப் புறாக்கள் வந்தன. கெலவரப்பள்ளி கால்வாய்ப் பக்கம் வீடு. பின்னால் தகரக் கொட்டகையில் இருபது கூண்டு, கூண்டுக்கு ஒரு ஜோடி. குஞ்சுகள் பெங்களூரு ஓட்டல்களுக்குப் போகும். எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் வராத கணக்கெல்லாம் புறாக் கொட்டகையில் எனக்கு அத்துப்படி.

புறாக்குஞ்சு தானாகத் தீனி பொறுக்காது. தாயும் தகப்பனும் மக்காச்சோளத்தையும் காராமணியையும் தின்று, தொண்டையிலிருந்து எடுத்து ஊட்டும். ஆக, செலவு பெரிய புறாவுக்கு, வரவு குஞ்சிலிருந்து. அதையும் பறக்கத் தொடங்கும் முன்பே விற்றுவிட வேண்டும். குஞ்சு பொரிக்காத ஜோடியும் மற்ற ஜோடிக்குச் சமமாகத் தின்னும். அங்கேதான் அப்பாவுக்கு வயிறு எரியும்.

தீனி அளந்து போடுவது அத்தையின் வேலை. அத்தை அப்பாவின் தங்கை. கல்லாவியில் எட்டு வருடம் குடித்தனம் நடத்தி, குழந்தை இல்லை என்று கேட்ட பேச்சு தாங்காமல், கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவர். அந்தக் கொஞ்ச நாள் ஆறு மாதமாகியிருந்தது.

ஒருநாள் எல்லோரும் சாப்பிடும்போது அப்பா பொரிந்து தள்ளினார்.

"பதினோராம் கூண்டுல இருக்கிறது வெறும் தண்டத்தீனி. மூணு தடவையும் கூமுட்டை. இந்தத் தடவையும் பொரிக்கலன்னா கறிக்குத்தான். எத்தனை நாளைக்கு வெச்சுச் சோறு போடறது?"

அத்தை பாதித் தட்டோடு எழுந்து போனார். அம்மா அப்பாவை முறைத்தார். "நான் புறாவைத்தான சொன்னேன்!" என்று அப்பா கத்தினார். புறாவைத்தானே சொன்னார், இதில் முறைக்க என்ன இருக்கிறது என்றுதான் எனக்கும் தோன்றியது. என் கவலையெல்லாம் அந்த ஜோடிதான். என் கையிலேயே வந்து உட்காரும் புறாக்கள் அவை. கறிக்குப் போகும் என்றதும் எனக்கு அழுகை முட்டியது.

முட்டை வைத்து ஆறாம் நாள் அப்பா செல்போன் டார்ச்சை அடியில் பிடித்துப் பார்ப்பார். சிவப்பாக நரம்பு ஓடினால் குஞ்சு, இல்லையென்றால் கூமுட்டை. அதற்கு முந்தின சாயங்காலம் நான் கொட்டகைக்குள் புகுந்தேன். பன்னிரண்டாம் கூண்டும் அதே நாளில் இரண்டு முட்டை வைத்திருந்தது. அங்கிருந்து ஒன்றை எடுத்துப் பதினொன்றில் வைத்தேன், பதினொன்றில் இருந்த இரண்டில் ஒன்றை அங்கே வைத்தேன். திரும்பினால் தீனி டப்பாவோடு அத்தை. முதுகில் விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அத்தை, நான் சாத்தாமல் விட்ட கூண்டின் கொக்கியை மாட்டினார்.

மறுநாள் நரம்பைப் பார்த்த அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பன்னிரண்டில் ஒன்று கெட்டதைக் கண்திருஷ்டி என்று சொல்லி, கொட்டகையில் எலுமிச்சம்பழம் கட்டினார்.

குஞ்சு பொரிந்தது. அது அலகை முழுசாகப் பெரிய புறாவின் வாய்க்குள் விட்டுத் தின்பதை அத்தையும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தன்னோடது இல்லன்னு அதுக்குத் தெரியுமா கண்ணு?"

"தெரியாது அத்தை. நல்லா ஏமாந்துடுச்சு!"

"அப்படிச் சொல்லாத. அது பசின்னு வாயைத் தொறக்குது, இது ஊட்டுது. இதுல ஏமாறதுக்கு என்ன இருக்குது?"

சொல்லிவிட்டு அந்தக் கூண்டுக்கு மட்டும் ஒரு கை சோளம் அதிகமாகப் போட்டார்.

"அளவுக்கு மேல போடறீங்க, அப்பா திட்டுவாரு" என்றேன்.

"என் சோத்துல கழிச்சுக்கச் சொல்லு."

கணக்கு விஷயமாயிற்றே. ஓடிப்போய் அப்பாவிடம் அப்படியே ஒப்பித்தேன். அப்பா என்னைப் பார்த்தார். அன்று சாப்பாட்டின்போது அம்மா கையிலிருந்த கரண்டியை வாங்கி, அத்தையின் தட்டில் அவரே சோறு போட்டார். போதும் போதும் என்று அத்தை கையால் மறைக்க மறைக்க, மேலும் மேலும் போட்டார். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர்.

கழிக்கச் சொன்னால் கூட்டுகிறாரே, இந்த அப்பாவுக்குக் கணக்கே தெரியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.