கஞ்சி ஆறும் வரைக்கும்

என் வீட்டுக்காரருக்கு எதுவுமே சூடா இருக்கணும். டீயை ஆவி அடங்குறதுக்குள்ள ஊத்திக்குவார். "வாயா அது, அடுப்பா?"ன்னு நான் கத்தாத நாள் கிடையாது. நோன்பு மாசம்னா கேக்கவே வேணாம். சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சதும் பள்ளிவாசல்ல கஞ்சி வாங்கிட்டு வந்து ஹாட் பாக்ஸ்ல மூடி வெச்சிடணும். பொழுது சாஞ்சு மஃரிப் பாங்கு சொன்னதும் திறந்தா ஆவி குப்புன்னு அடிக்கணும். இல்லேன்னா அன்னைக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவார்.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில மெஷின் பராமரிப்பு வேலை. மத்த புருஷனுங்க சினிமா, கிரிக்கெட்னு பேசுவாங்க. இவர் எண்ணெயைப் பத்திப் பேசுவார். பனிக்காலத்துல எண்ணெய் கெட்டியா கிடக்குமாம், மெஷினைச் சும்மா ஓடவிட்டு சூடேத்தினாத்தான் இளகுமாம். சூடு மீறிப் போனா தண்ணியா ஓடி, இரும்பும் இரும்பும் உரசிக்குமாம். "ஆனா ஒண்ணு. பல்சக்கரத்துக்கு நடுவுல போட்டு பயங்கரமா நசுக்கினா, எண்ணெய் இன்னும் கெட்டியாகித்தான் நிக்கும், தெரியுமா?"ம்பார், என்னமோ தன் பிள்ளை பாஸ் பண்ண மாதிரி. "பேசாம எண்ணெயையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க"ம்பேன்.

திடீர்னு ஒருநாள் இவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை போச்சு, பேச்சு போச்சு. விழுங்கவும் முடியல. மூக்கு வழியா டியூப் போட்டு அதுலதான் எல்லாம். பாவம், எத்தனை நாள் அதைப் பிடுங்கப் பார்த்தார். ஒரு வழியா டியூபை எடுத்த அன்னைக்கு, விழுங்குற பயிற்சி கொடுத்த பொண்ணு கண்டிப்பா சொல்லுச்சு. "தண்ணியா எதையும் கொடுத்துடாதீங்கக்கா. சட்டுனு ஓடி நுரையீரலுக்குள்ள போயிடும். தேன் மாதிரி கெட்டியா கொடுங்க. புரையேறிக்கிட்டே இருந்தா மறுபடி டியூப்தான்." டியூப்னு காதுல விழுந்ததும் இவர் இடது கையால மூக்கைப் பொத்திக்கிட்டார்.

அந்த வருஷ நோன்பு வந்துச்சு. இவருக்குக் கடமை இல்ல, ஆனா எங்களோட உக்காந்து நோன்பு திறக்கணும்னு கைஜாடையாலயே அடம். கஞ்சியை வாங்கிட்டு வந்து மிக்ஸியில அரைச்சு வடிகட்டினேன், தேன் பதம். அதுவரைக்கும் சரி. பழக்க தோஷம், அதைக் கொண்டுபோய் ஹாட் பாக்ஸ்ல ஊத்தி மூடிட்டேன்!

பாங்கு சொன்னாங்க. நானும் என் மகளும் பேரீச்சம்பழத்தை வாயில போட்டோம். இவர் முன்னாடி ஆவி பறக்குற கஞ்சி. ஸ்பூன்ல எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோகல. சாய்ச்சுப் பார்த்தார். சொளசொளன்னு ஓடுச்சு. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேணாம்னு. அப்பத்தான் எனக்கு உறைச்சுது, சூட்டுல கஞ்சி இளகிப் போச்சுன்னு.

"ஃபேனுக்குக் கீழ வெச்சா ஆறிடும் அத்தா"ன்னா மகள். கிண்ணத்தை அங்க நகர்த்தினோம். இவர் ஸ்பூன்ல அள்ளுறதும் சாய்க்குறதுமா உக்காந்திருந்தார். ஒருநாளும் எதையும் ஆறவிடாத மனுஷன்! எதிர்வீட்டுல எல்லாரும் குடிச்சு முடிச்சுப் பாத்திரம் கழுவுற சத்தம் கேட்டுச்சு. நானும் என் கிண்ணத்தைத் தொடல. கடைசியில கஞ்சி ஸ்பூன்லேர்ந்து மெதுவா, திட்டுத் திட்டா விழுந்துச்சு. அதைப் பார்த்துட்டு ஒரு வாய் வெச்சார். முழுங்கினார். இருமல் வரல. கண்ணுலேர்ந்து பொலபொலன்னு கொட்டுச்சு. எனக்கும்தான்.

அந்த மாசம் முழுக்க அப்படித்தான் குடிச்சார். டியூப் திரும்ப வரல. ஆனா மழைக்காலத்துல சளி நெஞ்சுல இறங்கி, ஆளையே கொண்டுபோயிடுச்சு. இவ்வளவு பதம் பார்த்தும் என்ன பிரயோஜனம்? கோவமா வருது, யார் மேலன்னுதான் தெரியல. நசுக்கினா கெட்டியாகி நிக்குமாமே. நான் என்ன எண்ணெயா?

இந்த வருஷம் நோன்பு ஆரம்பிச்ச அன்னைக்கு, பாங்கு சொன்னதும் மகள் என் முன்னாடி கஞ்சி வெச்சா. ஆவி பறந்துச்சு. நான் ஸ்பூன்ல அள்ளிச் சாய்ச்சேன். ஓடுச்சு. மறுபடி அள்ளினேன். எவ்வளவு நேரம் அப்படிச் செஞ்சேனோ.

மகள் மெதுவா என் கையைப் பிடிச்சா. "அம்மா, அது உங்களுக்குத்தாம்மா. சூடாவே குடிக்கலாம்."